காலையில் மட்டும் தாமதிக்கும் கியர்: ஒரு ஆட்டோமேட்டிக் காரோடு பட்ட பாடு

ஆட்டோமேட்டிக் காரில் லீவரை டி-க்கு (டிரைவ், முன்னே போகும் நிலை) கொண்டுவந்ததும் வண்டி லேசாக ஒரு தள்ளு தள்ளும். பிரேக்கை விட்டால் ஊர ஆரம்பிக்கும். என் வண்டியில் போன டிசம்பரில் அந்தத் தள்ளு மூன்று நான்கு வினாடி கழித்துத்தான் வந்தது, அதுவும் காலையில் முதல் தடவை மட்டும். ஆர் (ரிவர்ஸ்) போட்டாலும் அதே கதை. ஒருமுறை பிடித்துவிட்டால் அதன்பின் நாள் முழுக்க ஒரு குறையும் சொல்ல முடியாது. பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் வெண்ணெய் மாதிரி ஓடும். கேட்க இவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிற இந்தக் கோளாறுக்காக கிட்டத்தட்ட 44,000 ரூபாய் வீணாகக் கொடுத்தேன். கடைசியில் சரியான வேலைக்கு ஆன செலவு 7,000-த்துக்கும் கீழே. நடுவில் 1,40,000 ரூபாய்க்கு கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கச் சொன்னவர்களும் உண்டு. யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அப்போது பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த நாலு வார்த்தைதான் இது.

வண்டி ஒன்பது வருஷம் பழையது, பெட்ரோல், ஆறு கியர், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை. இரண்டாம் கையாக வாங்கியது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்கிறோம். ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சை அமுக்க ஒரு இயந்திரக் கையைப் பொருத்தியது. அதில் தாமதம் வந்தால் கிளட்ச் தேய்மானத்தையும் அந்தக் கையையும் பார்க்க வேண்டும். சி.வி.டி., இரட்டைக் கிளட்ச் வகைகளின் நோய்கள் வேறு. நான் சொல்லப்போவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டார்க் கன்வெர்ட்டர் கியர் பெட்டியைப் பற்றி மட்டும். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். மெக்கானிக்கிடம் பேச்சைத் தொடங்குவதே அங்கிருந்துதான்.

எங்கள் அபார்ட்மெண்ட் பன்னேர்கட்டா ரோட்டிலிருந்து உள்ளே, ஹுளிமாவு பக்கம். என் பார்க்கிங் இடம் பேஸ்மெண்டில் சரிவு முடிகிற இடத்தில், பின்னால் ஒரு தூண். டி போட்டுப் பிரேக்கை விட்டேன், வண்டி பின்னோக்கி உருண்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தி இறங்கிப் பார்த்தால் பம்பருக்கும் தூணுக்கும் ஒரு சாண் இடைவெளி. கை நடுங்கியது. அன்றைக்கு ஆபீசுக்கு ஓலாவில் போனேன். தூணுக்குப் பதில் அங்கே சைக்கிள் ஓட்டும் பிள்ளை நின்றிருந்தால் என்ற நினைப்பு ரொம்ப நாள் போகவில்லை. தாமதம் இருக்கிற வண்டியை வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: டி போட்டு, வண்டி தள்ளுவதை உடம்பில் உணர்ந்த பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். சரிவான இடம் என்றால் அதுவரை ஹேண்ட் பிரேக்கும் ஏறியிருக்கட்டும்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். "சார் வரலையா மேடம்?" என்று கேட்டுவிட்டு, வராத சாருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு என்னிடம் பேசினார்கள். ஹுளிமாவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிய வண்டி, எண்ணெய் நன்றாகச் சூடாகியிருந்தது. அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது கோளாறு எப்படி வரும்? கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தார்கள், பிழைக் குறியீடு எதுவும் இல்லை. "எல்லாம் நார்மல்" என்று எழுதி, பரிசோதனைக்கு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார்கள். காலையில் வரும் கோளாறை மதியம் காட்டிப் பயனில்லை. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டுவிட்டு, மறுநாள் காலை நீங்களும் போய், உங்கள் முன்னால்தான் முதல் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, பிழைக் குறியீடு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. எண்ணெய் குறைவதும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் இறுகுவதும் பல சமயம் எந்தக் குறியீட்டையும் பதிவு செய்வதில்லை.

அடுத்து, எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு பெரிய கராஜ். அங்கே இருந்த பையன் ஆர்வமாகக் கேட்டான், அதற்கே மனசு குளிர்ந்துவிட்டது. கியர் பிடிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது, எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் பாகம்) போயிருக்கிறது என்றான். மாற்றினோம், 8,500. சத்தம் குறைந்தது உண்மை. தாமதம் அப்படியே இருந்தது. மவுண்ட் உடைந்தால் கியர் பிடிக்கிற நேரத்தில் அடி விழும், ஆனால் பிடிப்பதை அது தள்ளிப்போடாது. சத்தம் வேறு, தாமதம் வேறு. இதை அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பிறகு சாலினாய்டு, அதாவது எண்ணெய் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்சார வால்வு, போயிருக்கிறது என்றார்கள். அவை இருக்கும் வால்வ் பாடியைக் கழற்றி, சாலினாய்டுகளை மாற்றி, எண்ணெய் ஊற்றி, 34,000. மறுநாள் காலை பேஸ்மெண்டில் டி போட்டுவிட்டு மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு அந்தத் தள்ளு. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் கிளம்பினேன். போன் செய்து கேட்டால், "டி போட்டதும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுங்க மேடம், பிடிச்சுக்கும்" என்கிறான் அந்தப் பையன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் அரைகுறை அழுத்தத்தில் இருக்கும்போது எஞ்சினை வேகப்படுத்தினால் தட்டுகள் வழுக்கிக் கருகும். இருநூறு ரூபாய் கோளாறு ஒரு லட்ச ரூபாய் கோளாறாகும் வழி அது.

மூன்றாவது இடத்தில் பார்த்தவர் ரெண்டு நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "கியர்பாக்ஸ் இறக்கணும், ஓவர்ஹால், ஒண்ணு நாப்பது ஆகும்." அடிப்பக்கம் எதையும் திறக்கவில்லை, எண்ணெய் பார்க்கவில்லை. அக்கா போனில், "வித்துத் தொலைச்சுட்டு ஸ்கூட்டி வாங்குடி" என்றாள். விற்பதென்றாலும் காலையில் வந்து பார்க்கிறவரிடம் என்ன சொல்வது? அந்த வாரம் தூக்கமே இல்லை.

அந்த வாரத்தில்தான் நானே உட்கார்ந்து படிக்கவும் அளந்து பார்க்கவும் தொடங்கினேன். அளக்கும் முறை ரொம்ப எளிது. சமதளமான இடம், ஹேண்ட் பிரேக் முழுதாக, கால் பிரேக்கில். எஞ்சின் தானாக ஓடும் வேகத்தில் இருக்கட்டும். போனை மீட்டருக்கு நேராக, லீவர் நகர்த்தும் கையும் தெரிகிற மாதிரி வைத்து வீடியோ எடுங்கள். லீவரை என்-இலிருந்து (நியூட்ரல்) டி-க்குத் தள்ளியதும் கியர் பிடிக்கிற அந்தக் கணத்தில் எஞ்சின் வேகம் காட்டும் ஆர்.பி.எம். முள் ஒரு நூல் கீழே அமுங்கும், வண்டியும் லேசாகக் குலுங்கும். லீவர் நகர்ந்ததற்கும் முள் அமுங்கியதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகளில் இதற்கு ஒரு சோதனையே உண்டு. எண்ணெய் 50 முதல் 80 டிகிரி சூட்டில், ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். என்-இலிருந்து டி-க்கு 1.2 வினாடிக்குள், ஆர்-க்கு 1.5 வினாடிக்குள் பிடிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கொஞ்சம் மாறலாம், ஆனால் மூன்று வினாடி என்றால் யாரும் அதை நார்மல் என்று சொல்ல முடியாது.

நேரத்தை விட முக்கியம் எப்போது, எதில் என்பது. டி, ஆர் இரண்டிலும் தாமதம் என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் குறை: எண்ணெய் அளவு, ஃபில்டர், பம்ப், மொத்த அழுத்தம். டி சரியாக இருந்து ஆர் மட்டும் பிந்தினால், அந்த கியருக்காகப் பெட்டிக்குள் இருக்கும் கிளட்சையோ பிரேக் தட்டையோ சந்தேகப்பட வேண்டும். அது கொஞ்சம் கெட்ட செய்தி. குளிரில் மட்டும் வந்து சூட்டில் மறைந்தால் எண்ணெய் குறைவு, கிளட்ச் தட்டுகளை அழுத்தும் பிஸ்டனின் சீல் இறுகிப்போனது, அல்லது இரவெல்லாம் நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் கீழே வடிந்துவிடுவது. மாறாக, குளிரில் ஒழுங்காக இருந்து சூடானதும் தாமதித்தால் பம்போ உள் சீல்களோ தேய்ந்து, நீர்த்துப்போன சூட்டு எண்ணெய் கசிந்து அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். டேஷ்போர்டில் டி என்ற எழுத்தே தாமதமாக எரிந்தால் லீவர் கேபிளையும் பெட்டியின் மேலிருக்கும் ஸ்விட்சையும் பாருங்கள், அது மலிவான கோளாறு. என் வண்டியில் எழுத்து உடனே எரிந்தது, இரண்டு பக்கமும் தாமதம், குளிரில் மட்டும். இந்த மூன்று விவரத்தை வைத்தே சாலினாய்டையும் ஓவர்ஹாலையும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியிருக்கலாம்.

ஆபீசில் வேலூர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் ஜே.சி. ரோடு பக்கம் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கிறவர், வாணியம்பாடிக்காரர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்காரவைத்து, "காலைல மட்டுமா, நாள் பூராவா? டி-யா, ஆரா, ரெண்டுமா? ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டுட்டுப் போட்டா என்ன ஆகுது?" என்று அடுக்கினார். வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்துவிட்டு, "இத வச்சிருக்கீங்களே, பாதி வேலை முடிஞ்சுதும்மா. சாவியக் குடுத்துட்டுப் போங்க. காலைல ஆறரைக்கு வாங்க, நீங்க வராம ஸ்டார்ட் பண்ண மாட்டேன்" என்றார்.

காலையில் நல்ல குளிர். பெட்டியின் பக்கத்தில் இருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, அதில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார். என்னை உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார், பிறகு டி. பிறகு நான் இறங்கி வந்து அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பதற்காக, தன் ஷெட் பையனை என் இடத்தில் உட்காரவைத்து, வண்டியை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு இன்னொரு முறை செய்யச் சொன்னார். முள் ஒரேயடியாக ஏறவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாகத் துடித்துவிட்டு, பிறகுதான் ஒரு இடத்தில் நின்றது. "போர் மோட்டார் காத்து புடிச்சா தண்ணி விட்டு விட்டு வருமே, அதான் இது. பம்புக்கு எண்ணெய் பத்தல" என்றார். குளிரில் எண்ணெய் சுருங்கி மட்டம் இன்னும் இறங்கும், பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். சூடானால் எண்ணெய் விரிந்து மட்டம் ஏறும், கோளாறு மறைந்துவிடும். மதியம் எல்லாம் நார்மலாகத் தெரிந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

என் வண்டியில் இந்த எண்ணெய்க்கு டிப்ஸ்டிக் (மட்டம் பார்க்கும் குச்சி) கிடையாது. மட்டம் பார்க்க ஒரு முறை உண்டு, அதை முழுதாகச் செய்கிறவர்கள் குறைவு. வண்டியை லிஃப்டில் நாலு சக்கரமும் சமமாக இருக்கும்படி தூக்க வேண்டும். ஜாக்கியால் முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் மட்டம் பொய்யாகும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடத்திலும் சில வினாடி நிறுத்திவிட்டுத் திரும்ப பி-க்கு (பார்க்கிங் நிலை) கொண்டுவர வேண்டும். பிறகு எண்ணெயின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே இருந்து, என் பெட்டிக்கு 50 முதல் 60 டிகிரி, அந்த நேரத்தில் மட்டம் காட்டும் பிளக்கைத் திறக்க வேண்டும். சரியான அளவு என்றால் எண்ணெய் மெல்லிய நூலாக ஒழுகும். பாய் திறந்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. விரலை உள்ளே விட்டுக் காட்டினார், காய்ந்திருந்தது. மேலே இருந்து புனல் வழியாக ஊற்ற ஊற்ற, ஒரு லிட்டருக்கும் மேல் உள்ளே போன பிறகுதான் துளையில் சிவப்பாக ஒழுக ஆரம்பித்தது. டிப்ஸ்டிக் இருக்கிற வண்டிகளிலும் முறை ஒன்றல்ல. பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடாக்கி அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் குச்சியை உருவினால் தப்புக் கணக்குத்தான்.

அந்த எண்ணெய் எங்கே போனது? பேஸ்மெண்டில் என் இடத்தில் ஒரு கறைகூட இருந்ததில்லை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் இடது டிரைவ் ஷாஃப்ட் பெட்டிக்குள் போகிற இடத்தில் ஆயில் சீல் கசிந்து, தட்டின் மேல் எண்ணெய் மண்ணோடு சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தது. தரைக்கு வர அதற்கு வழியே இல்லை. தரை சுத்தமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள், அந்தத் தட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சாலினாய்டு மாற்றிய கராஜ் பில்லைக் கேட்டார் பாய். வடித்த அளவை அளந்து அதே அளவு ஊற்றியிருந்தார்கள். ஏற்கெனவே குறைந்திருந்த எண்ணெயில் வடித்ததை மட்டும் திருப்பி ஊற்றினால் குறை குறையாகவே இருக்கும், 34,000 ரூபாய்க்குப் பிறகும்கூட. பில்லில் 'ஏ.டி.எஃப்.' (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) என்று மட்டும் இருந்தது, எந்த வகை என்று இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான். ஹூண்டாயின் ஆறு கியர் பெட்டிகளுக்கு எஸ்.பி.-4, டொயோட்டாவின் பல வண்டிகளுக்கு டபிள்யூ.எஸ்., ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ.-1 என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. வகையும் லிட்டரும் பில்லில் எழுதாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

என்ன எண்ணெய் உள்ளே இருக்கிறது என்று தெரியாததால் அதை முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. ஒரு தடவை வடித்தால் முழுசும் வராது. பாதிக்கும் மேல் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். மெஷின் வைத்து ஒரேயடியாகத் தள்ளுவதைப் பாய் பழைய பெட்டிகளுக்குச் செய்வதில்லை. வடித்து ஊற்றி, சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் வடித்து ஊற்றினார். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார். பழுப்பு நிறம், ஆனால் கருகிய வாடை இல்லை, மினுமினுக்கும் உலோகத் துகள் இல்லை. பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தமாம். அப்படி இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது என்றார். சீல், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 6,800. மாற்றத் தேவையே இல்லை என்று சிலர் சொல்லும் 'வாழ்நாள் எண்ணெய்' பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும், நின்று நின்று போகும் நெரிசல் அதில் சேரும். பெங்களூரில் ஓடும் எந்த வண்டிக்கும் அந்த அட்டவணைதான்.

வண்டி முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. சாதாரணக் காலைகளில் டி போட்டதும் பிடிக்கிறது. ஜனவரியில் நன்றாகக் குளிர்ந்த நாட்களில் முதல் தடவைக்கு ஒன்றரை வினாடியைத் தாண்டுகிறது. ஒன்பது வருஷ ரப்பர், பிஸ்டன் சீல் கொஞ்சம் இறுகியிருக்கும், சூடானால் இளகிவிடும் என்கிறார் பாய். அதைச் சரிசெய்யப் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். இதற்காக இப்போது பிரிப்பது தண்டச் செலவு என்பது அவர் கருத்து, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் பி-யிலேயே விட்டுவைத்து, டி போட்டு, முள் அமுங்கிய பிறகு கிளம்புகிறேன். பார்க்கிங்கில் எதிர்வீட்டு மாமாவிடம் கேட்டுச் சமதளத்தில் இருக்கும் அவர் இடத்துக்கு மாறிக்கொண்டேன். சூடான வண்டியிலும் தாமதம் தொடங்கினால், அல்லது ஓட்டும்போது ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாமல் வழுக்கினால், அன்றைக்குப் பெட்டியை இறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஆகும் தொகையை, மாற்றப்போகும் பாகங்களின் பெயரோடு, ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். 85,000.